ஒரு கையெழுத்து, இரண்டு காணிக்கைப் பெட்டி



போன வாரம் இலங்கை மலையகத்தின் கினிகத்தேனை ஏற்றத்தில் நின்றோம். கீழே நாவலப்பிட்டி. மேலே டிக்கோயா, மஸ்கெலியா. கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் சேற்றில் சறுக்கியபடி இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எதிரே ஒரு மனிதர் மழையில் நனைந்தபடி ஏறிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பொதி. பொதிக்குள் தமிழ் வேதாகமம், கொஞ்சம் துண்டுப் பிரசுரம், ஒரு மாற்று வேட்டி.

உபதேசியார்.

அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? அந்தக் கேள்வியோடு நிறுத்தினேன். இந்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் மலையகத் திருச்சபையையே இரண்டாகக் கிழிக்கப் பார்த்த சண்டை அந்தச் சம்பளப் பணத்தைச் சுற்றித்தான் மூண்டது.

அரசாங்கம் கொடுக்கவில்லை. மகாராணியும் கொடுக்கவில்லை.

கொடுத்தவர்கள் தோட்டத் துரைமார்.

1854இல் கண்டியில் முடிவான ஏற்பாடு அது. பொறுப்புக் குருமாரின் செலவை இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிச் சங்கமான சி.எம்.எஸ். ஏற்கும். உபதேசிமாரின் செலவைத் துரைமார் சந்தா போட்டுக் கொடுப்பார்கள். பெயர், 'தமிழ்க் கூலி மிஷன்'. இன்று அந்தப் பெயர் நம் காதைச் சுடுகிறது. அன்று அச்சுத்தாளில் அப்படித்தான் இருந்தது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயர் அதை நடத்த வந்தார். உபதேசிமாரும் திருநெல்வேலிக்காரர்கள். தோட்டத்துச் சனத்தின் பேச்சு அவர்களுக்குத் தெரியும். பசியும் தெரியும்.

அந்த உபதேசியாரின் ஒரு நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள்.

விடிவதற்கு முன் பிரட்டுக்களம். கங்காணி ஆட்களை எண்ணி முடிப்பதற்குள் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். பிறகு அடுத்த தோட்டத்துக்கு நடை. மலைக்கு மலை, ஆற்றுக்கு ஆறு. மாலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முற்றம். ஆட்கள் மலையிலிருந்து இறங்கி, அடுப்பு மூட்டி, குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்துவார்கள். அப்போது ஒரு பாட்டு, ஒரு உவமைக் கதை. பிள்ளைகள் கிடைத்தால் தரையில் மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதச் சொல்வார். அந்த மணல்தான் பலகை. அந்த முற்றம்தான் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை அதுவேதான் கோயில்.

சுவர் இல்லை. மணி இல்லை. பீடம் இல்லை.

ஆனால் சபை இருந்தது.

அந்த உபதேசியாரின் சம்பளத்துக்கான சந்தாதான் முதல் காணிக்கைப் பெட்டி. இதே துரைமாரின் கையில் இன்னொரு பெட்டியும் இருந்தது.

கல்லால் ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று அவர்கள் ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தை நாம் சின்னதாக நினைக்கக் கூடாது. பலருக்கு இருபது, இருபத்தைந்து வயது. ஸ்கொட்லாந்தின் குளிரிலிருந்து வந்து மலைக்காட்டில் தனியாகக் கிடந்தவர்கள். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வந்தால் வைத்தியரைக் கொண்டுவருவதற்குள் ஆள் போய்விடுவான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஓரிடம் வேண்டும். மனைவியைப் புதைக்க ஓரிடம் வேண்டும். உலகம் போற்றிய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1879இல் இந்த மலைகளில்தான் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய முற்றத்தில்தான் இன்றும் படுத்திருக்கிறார். அன்னிய மண்ணில் அழுவதற்கு ஒரு கூரை கேட்பது பாவமா? இல்லை.

ஆனால் பை ஒன்று. பெட்டி இரண்டு.

கோப்பி விலை ஏறிக்கிடந்தவரை இரண்டிலும் காசு விழுந்தது. எந்தப் பெட்டி முதலில் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

1876இல் ஒருவர் வந்தார். அவர் கேட்க வைத்தார்.

ரெஜினோல்ட் கோப்பிள்ஸ்டன், கொழும்பின் புதிய பேராயர். வயது முப்பது. பேராயராவதற்குச் சபைச் சட்டம் கேட்கும் குறைந்த வயதே அதுதான். ஒக்ஸ்போர்ட் படிப்பாளி. கூர்மையான புத்தி, அசராத உழைப்பு. 'பையன் பேராயர்' என்று ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது.

எதிர்ப்பக்கம் சி.எம்.எஸ். மிஷனரிமார். அவர்களில் மூத்தவர் வில்லியம் ஓக்லி. 1835இல் இலங்கையில் கால் வைத்தவர். அதன்பின் ஒருமுறைகூட இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகாதவர். புதிய பேராயர் பிறந்தபோதே ஓக்லி ஐயர் இங்கே பத்து ஆண்டு ஊழியம் முடித்திருந்தார்.

பையன் பேராயர் ஒரு பக்கம். நரைத்த மிஷன் மறுபக்கம்.

மோதினால் யார் வளைவார்?

பொறுங்கள். பேராயரைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். அவர் மலைநாட்டில் பார்த்தது என்ன? அரசாங்கச் சம்பளம் வாங்கும் சாப்ளின் ஒருவர் வெள்ளைக்காரருக்கு ஆராதனை நடத்துகிறார். அதே பள்ளத்தாக்கில் மிஷனரி ஒருவர் தமிழருக்கு ஆராதனை நடத்துகிறார். இருவரும் இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாரே. ஆனால் ஒருவருக்கும் மற்றவருக்கும் சம்பந்தமில்லை. துரைக்கு ஒரு சபை, தொழிலாளிக்கு ஒரு சபையா? ஒரு வட்டாரத்துக்கு ஒரே மேய்ப்பர் இருக்க வேண்டாமா? இதுதான் அவருடைய வாதம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு முள் இருந்தது.

அந்த ஒரே மேய்ப்பர் யார்? சாப்ளின். அவருக்கு இடம் எது? ஆலயம். அந்த ஆலயத்தின் மொழி எது? ஆங்கிலம். உபதேசியாரும் மிஷனரியும் அவர் கையின் கீழ் வேலை செய்ய வேண்டும். அப்படியானால் மணல் பரப்பிய முற்றத்தை யார் ஆளப்போகிறார்? தமிழ் தெரியாத ஒருவர்.

இன்னொரு முள்ளும் உண்டு. சந்தா கொடுத்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள். பேராயர் என்ற பதவியே அவர்கள் சபையில் கிடையாது. சுவிசேஷம் லயத்துக்குப் போகட்டும் என்றுதான் அவர்கள் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தையும் அதில் வாழும் உபதேசியாரையும் பேராயரின் சாப்ளினிடம் ஒப்படைத்தால், கொடுத்தவருக்குச் சொன்ன வாக்கு என்னாவது? மிஷனரிமாரின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு கேள்விதான்.

கீழ்ப்படிந்தால் வாக்கு போகும். மறுத்தால் லைசென்ஸ் போகும்.

லைசென்ஸ் என்பது ஒரே ஒரு தாள். பேராயரின் முத்திரையும் கையெழுத்தும் அதில் இருக்கும். அந்தத் தாள் இருந்தால்தான் இங்கிலாந்துத் திருச்சபைக் குரு ஒருவர் அவருடைய எல்லைக்குள் ஆராதனை நடத்தலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், நற்கருணை பகிரலாம். அது போனால்? நேற்றுவரை தான் மேய்த்த சபையின் முன் அவர் வெறும் வெள்ளைக்கார மனிதர்.

இப்போது அந்தத் தருணத்துக்குள் வாருங்கள்.

பேராயரின் நிபந்தனை மேசையில் கிடக்கிறது. மிஷனரிமார் சுற்றி இருக்கிறார்கள். இவர்கள் கலகக்காரர்கள் அல்ல. பேராயருக்குக் கீழ்ப்படிவேன் என்று குருப்பட்டம் பெற்ற நாளில் ஆணையிட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் குடும்பம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஓடும். யாரும் குறை சொல்லப் போவதில்லை. பேராயரே கேட்கிறாரே, கொடுத்தால் என்ன?

போடலாமா?

அந்தக் கையெழுத்தின் விலை யாருக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். கினிகத்தேனை ஏற்றத்தில் நனைந்துகொண்டிருக்கும் அந்த மனிதர்தான் அதன் விலை. நாளைக்கு அவர் தமிழில் அறிக்கை கொடுக்க மேலே ஆள் இருக்காது. லயத்தில் ஒரு பிள்ளை செத்தால், அதிகாரம் யாரிடம் இருக்கும்? பல மைல் தள்ளி, வேறு மொழி பேசும் ஒருவரிடம்.

அவர்கள் கையெழுத்துப் போடவில்லை.

பேராயரும் தயங்கவில்லை.

ஏறத்தாழ எல்லா சி.எம்.எஸ். மிஷனரிமாரின் லைசென்ஸையும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்!

இலங்கையே அதிர்ந்தது. பத்திரிகைகள் கொதித்தன. இங்கிலாந்துக்குக் கடிதங்கள் பறந்தன. ஒரு முழு மிஷன், ஒரே வீச்சில், வாய் கட்டப்பட்டு நின்றது.

வாய் கட்டப்பட்டதா?

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. லைசென்ஸ் போனது குருமாருக்கு. உபதேசியார் குருப்பட்டம் பெற்றவர் அல்ல. பிரட்டுக்களத்தில் நாலு வார்த்தை பேச அவருக்குப் பீடம் தேவையில்லை. மணலில் 'அ' எழுதக் கோபுரம் தேவையில்லை. ஓர் ஆலயக் கதவைப் பேராயர் பூட்டலாம். லயத்து முற்றத்துக்கு ஏது கதவு? அவருக்குத் தேவை அந்த மாதச் சம்பளம். அது வரும்வரை அவர் நடப்பார்.

அப்படியானால் இப்போது எல்லாம் துரைமார் கையில். பெட்டி இரண்டும் அவர்கள் முன்னால். பேராயரோடு ஒத்துப்போய், சாப்ளினுக்கும் ஆலயத்துக்கும் கொடுத்து மரியாதையாக இருக்கலாம். அல்லது லைசென்ஸ் இல்லாத மிஷனுக்குச் சந்தா போடலாம்.

துரைமாரில் பலர் மிஷன் பக்கம் நின்றார்கள்.

அவர்கள் எல்லாரும் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. வேதம் கேட்ட ஆள் குடிக்க மாட்டான், ஓடிப்போக மாட்டான், ஒழுங்காக வேலை செய்வான் என்ற கணக்கும் அந்தச் சந்தாவுக்குள் இருந்தது. ஆனால் மனச்சாட்சியால் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எந்தக் காரணத்தால் கொடுத்தாலும் சரி, அந்த ஆண்டு அவர்கள் கொடுத்த பணம் ஒரு மனிதரின் காலுக்கு வலுவாகப் போனது.

பிறகு கல்கத்தாப் பேராயரிடமிருந்து ஆலோசனை வந்தது. லைசென்ஸுகள் திரும்பக் கிடைத்தன. உரசல் மட்டும் ஓயவில்லை. 1880இல் கேன்டர்பரி, யோர்க் தலைமைப் பேராயர்கள் உட்பட ஐந்து பேர் கருத்துச் சொன்ன பிறகுதான் மூச்சு விட முடிந்தது. கோப்பிள்ஸ்டனும் மாறினார். இந்த நாட்டைக் கற்றார், பாளி படித்தார், பௌத்தம் பற்றிக் கனமான ஒரு நூலே எழுதினார். மனிதர்கள் முப்பது வயதில் நின்றுவிடுவதில்லை.

சரி, இரண்டாவது பெட்டி என்னாயிற்று?

அது நிரம்பிக்கொண்டிருந்தது. 1878இல் டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து ஆலயம் எழுந்தது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடிச் சன்னல். ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அழகான கோயில்.

ஆனால் அந்தச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோதே சுற்றியிருந்த மலைகளில் கோப்பி இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் செம்மஞ்சள் பொடி. 1869இல் முதன்முதல் கண்ணில் பட்ட இலைத்துரு நோய். சில ஆண்டுகள் நல்ல விலை அதை மறைத்தது. பிறகு மறைக்க முடியவில்லை. தோட்டங்கள் கடனில் மூழ்கின. பல இடங்களில் ஆட்களுக்குக் கூலி மாதக்கணக்கில் பாக்கி. கல் வாங்கிய காசும், கூலி பாக்கிவைத்த காசும் ஒரே கோப்பிக் காட்டிலிருந்து வந்தவைதான். இதைச் சொல்லாமல் அந்தச் சன்னலின் அழகை மட்டும் எழுத என் பேனா ஒப்பவில்லை.

உடனே நீங்கள் மறித்துக் கேட்பீர்கள். "கடலுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் என்ன நடந்தது? அங்கேயும் கோயில் கட்டத்தானே கட்டினார்கள்? ஏழைப் பனையேறிகள்தானே?"

நல்ல கேள்வி. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847இல் அடிக்கல். 1880இல்தான் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கல்தச்சருக்குக் கூர்வளைவு புரியவேண்டும் என்று கால்டுவெல் தம் கையாலேயே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பார்கள். இடையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னாடே சுருண்டது. அந்தப் பஞ்சம் துரத்திய சனம்தான் ஆயிரமாயிரமாய் நம் மலைகளுக்கு ஏறியது. அந்தக் காலத்தில் கால்டுவெல் கஞ்சிக்கும் நிவாரணத்துக்கும் ஓடினார். கோயில் காத்திருந்தது, பிறகு முடிந்தது. அந்த ஊர் மக்கள் இன்றும் அதை 'எங்கள் கோயில்' என்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே?

நிலத்தில்.

இடையன்குடியில் கோயிலைச் சுற்றி வீடு கட்டிய சனம், அந்த மண்ணில் வேர் விட்டது. தோட்டத்தில் தொழிலாளிக்குக் காம்பராவே சொந்தமில்லை. லயம் தோட்டத்துடையது, பாதை தோட்டத்துடையது, மலை தோட்டத்துடையது. ஜெபக்கூடம் ஒன்று கட்டினாலும் துரை சம்மதித்தால்தான் அது நிற்கும். தோட்டம் கைமாறினால் அதன் கதியும் மாறும். வேலை முடிந்து வேறு தோட்டத்துக்கு 'பத்துச்சீட்டு' வாங்கிப் போகிறவன் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உபதேசியார் மணலில் எழுதிக் கொடுத்த 'அ'வைக் கொண்டுபோக முடியும். பதுளைக்குப் போனாலும், பஞ்சம் தீர்ந்து ஊருக்கே திரும்பினாலும், அது அவனோடு போகும்.

ஆகவே என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கோயில் கட்டுவது குற்றமல்ல. துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் எழுப்பிய கற்கோயில்கள் பலவற்றில் இன்று நம் மக்கள் தமிழில் பாடுகிறார்கள். கல்லும் ஒருநாள் கைமாறி நன்மை செய்யும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆள், பிறகு சுவர். படிப்பிக்கிறவருக்கும் நோயாளியைப் பார்க்கிறவருக்கும் சம்பளம் வைத்த பிறகு மிஞ்சுவதில் கல் வாங்கட்டும். தன் சுவரை மினுக்கிவிட்டு, பக்கத்து லயத்தில் கூரை ஒழுகுவதைப் பார்க்காத சபை, 1876இல் கையெழுத்துப் போட மறுத்தவர்களின் வாரிசு அல்ல.

இன்றும் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் பழைய லயக் காம்பராவில்தான் இருக்கின்றன. ஒரு துண்டு நிலத்துக்கு உறுதிப் பத்திரம் கிடைக்காதா என்று காத்திருக்கின்றன. உங்கள் ஆலயத்தில் அடுத்த வருடாந்தக் கூட்டம் நடக்கும்போது, கணக்கு வாசிக்கிறவரை நிறுத்தி இரண்டே கேள்வி கேளுங்கள். பெயின்டுக்கும் ஓட்டுக்கும் எவ்வளவு? மாலை வகுப்பு ஆசிரியருக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் எவ்வளவு? இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் காணிக்கை.

கதை இன்னும் முடியவில்லை.

பேராயரும் மிஷனும் சமாதானமாகி அதிக காலம் ஆகவில்லை, இருவர் தலையிலும் ஒன்றாக இடி விழுந்தது. பௌத்தரும் இந்துக்களும் கட்டும் வரியிலிருந்து கிறிஸ்தவச் சபைக்கு ஏன் பணம் போக வேண்டும் என்ற குரல் சட்டசபையை எட்டியது. 1881இல் ஆளுநர் லோங்டன் காலத்தில் அரச மானியத்துக்கு முடிவு கட்டினார்கள். இனிச் சபைகள் தங்கள் சொந்தக் கையால்தான் பிழைக்க வேண்டும். அந்தக் கையில் இருந்ததோ, செத்துக்கொண்டிருந்த கோப்பி.

பிறகு 1884 மே மாதம். கோப்பிக் காட்டுப் பணத்தையெல்லாம் தாங்கிநின்ற ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அதன் நோட்டு வைத்திருந்தவன் கையில் வெறும் காகிதம். கடைகள் நோட்டை வாங்க மறுத்தன. லண்டனைக் கேட்க நேரமில்லை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்தாரா? அந்த முடிவு மலையகத்தைக் காப்பாற்றியதா? சந்தா நின்றுபோன மாதத்தில் உபதேசியார் என்ன செய்தார்?

அடுத்த வாரம் சொல்கிறேன். கட்டாயம் வாருங்கள்.